திறமூல இயங்குதளத்திற்கு எந்தப் பொதி வடிவம்?

இந்தியாவில் ரயில் பாதை அமைக்கும் பணி தொடங்கிய 1850களில், டல்ஹௌசி பிரபுவின் ஆட்சி 1,676 மில்லிமீட்டர் அகலமுள்ள அகலப் பாதையைத் தேர்ந்தெடுத்தது. 1870இல் மேயோ பிரபுவின் ஆட்சி, செலவைக் குறைக்கும் நோக்கத்துடன் 1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர் பாதையையும் ஏற்றுக்கொண்டது. இரு முடிவுகளுக்கும் அவ்வக்காலத்தில் தக்க காரணங்கள் கூறப்பட்டன. ஆயினும், இருவகைப் பாதைகளும் சந்தித்த ஒவ்வொரு நிலையத்திலும் மூட்டைகளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. இந்தச் சுமையிலிருந்து விடுபட 1992இல் ஒரே பாதைத் திட்டம் தொடங்கப்பட்டது. வடிவத்தையும் அளவையும் பற்றிய முடிவு ஒரு நாளில் எடுக்கப்படுகிறது. அதற்கான செலவைப் பல தலைமுறைகள் செலுத்துகின்றன என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.

இன்று கணினித் துறையிலும் இதை ஒத்த ஒரு கேள்வி நம் அலுவலர்கள் முன் நிற்கிறது. மின்னாளுகைக்கான திறந்த தரங்கள் பற்றிய கொள்கையை மத்திய அரசு 2010இல் வெளியிட்டது. அரசு அமைப்புகளில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கை 2015இல் வெளியாயிற்று. இவற்றிற்கு முன்னரே, 2007இல், சி-டாக் நிறுவனம் பாஸ் என்னும் இயங்குதளத்தை வழங்கியிருந்தது. அந்நிறுவனத்தின் சென்னை மையத்திற்கு இம்முயற்சியில் முக்கியப் பங்கு உண்டு. கேரள மாநிலப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளையே கற்பித்தலுக்குப் பயன்படுத்தி வருகின்றன. இத்தகைய இயங்குதளம் ஒன்றை ஏற்கும் துறை, தன் மென்பொருள்களை எந்த வடிவில் பொதிந்து கணினிகளுக்கு அனுப்புவது என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். டெப், ஆர்.பி.எம்., ஃபிளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் எனப் பல வடிவங்கள் உள்ளன. இவற்றுள் எதைத் தேர்வது? எந்த அளவுகோலால் தேர்வது? இவ்வினாக்களைப் பொருளாதார நோக்கிலிருந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொதி என்பது யாது?

ஒரு மென்பொருள் என்பது ஒரே கோப்பு அன்று. இயக்க நிரல், அமைப்புக் கோப்புகள், எழுத்துருக்கள், உதவிக் குறிப்புகள் எனப் பல கோப்புகள் சேர்ந்தே அது உருவாகிறது. இவை அனைத்தையும் ஒன்றாகக் கட்டி, மேலே ஒரு விவரச்சீட்டை இணைத்து அனுப்பும் மூட்டையே பேக்கேஜ் எனப்படும் பொதி. தானியக் கிடங்கிற்கு வரும் மூட்டையில் தானியத்தின் பெயர், எடை, அறுவடை ஆண்டு ஆகியவற்றைக் கூறும் சீட்டு இருப்பதைப் போல, பொதியிலும் மென்பொருளின் பெயர், பதிப்பெண், பராமரிப்பாளர், அது இயங்கத் தேவையான பிற பொதிகள் ஆகிய விவரங்கள் அடங்கியிருக்கும்.

டெபியன் வழங்கலின் டெப் பொதியில் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, வடிவத்தின் பதிப்பெண்ணைக் கூறும் சிறு கோப்பு. இரண்டாவது, விவரச்சீட்டும் நிறுவும்போது இயக்கப்பட வேண்டிய கட்டளைகளும் அடங்கிய கட்டுப்பாட்டுப் பகுதி. மூன்றாவது, கணினியில் வைக்கப்பட வேண்டிய கோப்புகள் அடங்கிய பொருட்பகுதி. ரெட் ஹேட் மரபில் வந்த ஆர்.பி.எம். பொதியில் முகப்பு, கையொப்பம், தலைப்பு விவரம், பொருட்பகுதி என நான்கு பகுதிகள் உண்டு. பகுதிகளின் எண்ணிக்கை வேறுபட்டாலும் இரண்டும் செய்யும் பணி ஏறத்தாழ ஒன்றே.

பொதியின் பெரும்பயன் அது நிறுவப்பட்ட பின்னரே தெரியவரும். எந்தப் பொதி, எந்தப் பதிப்பு, எந்தெந்தக் கோப்புகளை எங்கே வைத்தது என்பதைக் கணினி தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. எனவே அதனை முழுமையாக நீக்கவும், புதுப்பிக்கவும், தணிக்கை செய்யவும் இயலுகிறது. பண்டகசாலையில் இருப்புப் பதிவேடு செய்யும் வேலை இது.

இக்கட்டுரையாளர் முன்னர்ப் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் நிகழ்ந்ததை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். பண்டகசாலைக் கணக்கிற்கான மென்பொருள் ஒன்று குறுந்தகட்டில் வந்தது. அது எந்தப் பொதி வடிவிலும் இல்லை. தகட்டிலிருந்த நிறுவும் நிரல் ஒன்று, கோப்புகளைப் பல இடங்களில் நகலெடுத்து வைத்தது. எந்தப் பதிவேட்டிலும் அவை குறிக்கப்படவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பின் இயங்குதளத்தைப் புதுப்பிக்க முற்பட்டபோது, எந்தக் கோப்பு இயங்குதளத்தைச் சேர்ந்தது, எந்தக் கோப்பு கணக்கு மென்பொருளைச் சேர்ந்தது என்று கூற ஒருவராலும் இயலவில்லை. அதனை நிறுவிய பொறியாளர் வேறிடம் சென்றுவிட்டார். கணக்குகளை இழக்க நேரிடும் என்ற அச்சத்தால் அக்கணினிகள் மேலும் இரண்டு ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் ஏதுமின்றியே இயங்கின. பொதி வடிவம் பற்றிய முடிவை எடுக்கத் தவறியதன் விலை அது.

வடிவங்கள் தோன்றிய வரலாறு

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். அதனோடு பிற கருவிகளையும் சேர்த்து முழு இயங்குதளமாக வழங்கும் வழங்கல்கள் விரைவில் தோன்றின. 1993இல் வெளிவந்த ஸ்லாக்வேர், கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய எளிய பொதிகளைக் கையாண்டது. ஒரு பொதிக்கு வேறு எவை தேவை என்பதைக் கண்டறியும் பொறுப்பு பயனீட்டாளருடையதாக இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தார். அத்திட்டத்திலிருந்து டெப் வடிவமும், அதனைக் கையாளும் டிபிகேஜி என்னும் கருவியும் உருவாயின. 1995இல் ரெட் ஹேட் நிறுவனம் ஆர்.பி.எம். முறையைத் தன் வழங்கலில் புகுத்தியது.

இவ்விரு முறைகளிலும் தொடக்கத்தில் ஒரு குறை இருந்தது. ஒரு பொதியை நிறுவ முற்பட்டால், அதற்கு வேறு மூன்று பொதிகள் தேவை என்று கணினி கூறிவிட்டு நின்றுவிடும். அவற்றைத் தேடிக் கொணர்ந்தால், அவற்றிற்கு மேலும் சில தேவைப்படும். இத்தொல்லையைத் தீர்க்க 1998இல் டெபியன் திட்டத்தினர் ஆப்ட் என்னும் கருவியை உருவாக்கினர். களஞ்சியம் எனப்படும் பொதுக் கிடங்கில் எல்லாப் பொதிகளும் பட்டியலுடன் வைக்கப்பட்டிருக்கும். ஆப்ட் அப்பட்டியலைப் படித்து, வேண்டிய அனைத்தையும் வரிசையாகக் கொணர்ந்து நிறுவும். ஆர்.பி.எம். உலகிலும் யம், பின்னர் டிஎன்எஃப், சிப்பர் ஆகிய கருவிகள் இப்பணியைச் செய்கின்றன.

களஞ்சியம் எத்துணைப் பெரிதாக வளர்ந்துள்ளது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2023 ஜூனில் வெளியான டெபியன் 12இல் 64,000க்கும் மேற்பட்ட பொதிகள் இடம்பெற்றிருந்தன. அவை அனைத்தும் ஒரே விதிநூலுக்கு உட்பட்டுத் தயாரிக்கப்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது.

பகிர்வின் ஆதாயமும் அதன் செலவும்

பல மென்பொருள்களுக்குப் பொதுவான வேலைகள் உண்டு. மறையாக்கம் செய்தல், படங்களை விரித்தல், எழுத்துகளைத் திரையில் வரைதல் போன்றவை அத்தகையன. இவற்றைச் செய்யும் நிரல்களைத் தனியே ஒரு பொதியாக வைத்து, தேவைப்படும் மென்பொருள்கள் யாவும் அதனையே பயன்படுத்துமாறு செய்வது டெப், ஆர்.பி.எம். மரபு. இத்தகைய பொது நிரல் தொகுதியை நிரலகம் எனலாம். ஊருக்கு ஒரு குடிநீர்த் தொட்டி அமைத்து எல்லா வீடுகளுக்கும் குழாய் இணைப்புத் தருவதை ஒத்தது இம்முறை.

இதன் ஆதாயம் 2014 ஏப்ரலில் நன்கு விளங்கிற்று. ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க நிரலகத்தில் ஹார்ட்பிளீட் எனப் பெயரிடப்பட்ட கடும் குறை ஒன்று அப்போது வெளியாயிற்று. உலகெங்கும் எண்ணற்ற சேவைக் கணினிகள் அதனால் பாதிப்புக்கு உள்ளாயின. நிரலகத்தைப் பொதுவாகப் பகிர்ந்த கணினிகளில் அந்த ஒரு பொதியைப் புதுப்பித்து, அதனைப் பயன்படுத்தும் சேவைகளை மறுபடியும் தொடங்கியதும் குறை நீங்கிற்று. தன்னுள்ளேயே அந்நிரலகத்தின் நகலை வைத்திருந்த மென்பொருள்களையோ ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. எங்கெங்கு நகல் இருக்கிறது என்று அறிவதே முதல் இடர்ப்பாடாயிற்று.

ஆயினும் பகிர்வு செலவற்றது அன்று. இருபது மென்பொருள்கள் ஒரு நிரலகத்தைப் பகிர்ந்தால், அதனை மாற்றும்போது இருபதும் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று சோதிக்க வேண்டும். அவற்றுள் ஒன்று நிரலகத்தின் பழைய பதிப்பையும் மற்றொன்று புதிய பதிப்பையும் வேண்டினால் முரண்பாடு எழும். மேலும், ஒரு மென்பொருளைப் படைத்தவர் அதனை டெபியனுக்கு ஒருமுறை, ஃபெடோராவுக்கு ஒருமுறை, அவற்றின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒருமுறை எனத் திரும்பத் திரும்பப் பொதிய வேண்டியிருக்கிறது. ஒரே உழைப்பு பன்முறை செலவாகிறது.

புதிய வடிவங்கள்

மேற்கூறிய இடர்ப்பாட்டிற்கு விடையாகவே மூன்று புதிய வடிவங்கள் எழுந்தன. எந்த வழங்கலிலும் இயங்கக்கூடிய ஒரே பொதியை உருவாக்குவது இவற்றின் பொது நோக்கம்.

ஆப்இமேஜ் வடிவின் மூலம் 2004இல் தொடங்கிய ஒரு முயற்சியாகும். இதில் ஒரு மென்பொருளுக்கு ஒரு கோப்பு; அதனை நகலெடுத்து இயக்கினாலே போதும். நிறுவ வேண்டியதில்லை, நிர்வாகி உரிமையும் தேவையில்லை. ஆனால் கணினியின் இருப்புப் பதிவேட்டிலும் அது இடம்பெறாது. புதுப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் பயனீட்டாளரையே சாரும்.

ஸ்னாப் வடிவத்தைக் கனோனிக்கல் நிறுவனம் உருவாக்கியது. 2016இல் வெளியான உபுண்டு 16.04 முதல் அது மேசைக் கணினிகளில் பரவலாயிற்று. மென்பொருளும் அதற்கு வேண்டிய நிரலகங்களும் ஒரே சுருக்கிய கோப்பில் அடங்கியிருக்கும். இயல்பான அமைப்பில், அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். இதன் மையக் கடை ஒன்றே. அதனை நடத்துவது கனோனிக்கல் நிறுவனம். கடையின் சேவை நிரல் திறமூலமாக வெளியிடப்படவில்லை. இக்காரணத்தால் லினக்ஸ் மின்ட் வழங்கல் 2020இல் தன் இயல்பான அமைப்பிலிருந்து ஸ்னாப்பை விலக்கி வைத்தது.

ஃபிளாட்பேக் 2016இல் இப்பெயரைப் பெற்றது. 2018இல் அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. பல மென்பொருள்களுக்குப் பொதுவான அடித்தளத் தொகுதிகளை இது தனியே வைத்துப் பகிர்கிறது. அதற்கு மேற்பட்ட நிரலகங்களை ஒவ்வொரு பொதியும் தன்னுள் கொண்டுவருகிறது. மென்பொருளை வேலியிட்ட எல்லைக்குள் இயக்குவது இதன் சிறப்பு. வேலியின் உறுதி, அப்பொதி கோரிப் பெறும் அனுமதிகளைப் பொறுத்தது என்பதை மறக்கலாகாது. ஃபிளாட்ஹப் என்னும் பெரிய களஞ்சியம் உள்ளதெனினும், எவரும் தமக்கெனக் களஞ்சியம் ஒன்றை நடத்தலாம்.

வீட்டுக்கு வீடு கிணறு தோண்டிக்கொள்வதை ஒத்தவை இம்முறைகள். அண்டை வீட்டாரைக் கேளாமல் வேண்டிய ஆழத்திற்குத் தோண்டலாம். ஆனால் நீர் கெட்டுப்போனால் ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

வரலாறு தரும் மூன்று பாடங்கள்

எல்லா வழங்கல்களும் ஒரே வடிவத்தை ஏற்றுக்கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா என்று மாணவர்கள் வினவலாம். அம்முயற்சியும் செய்து பார்க்கப்பட்டது. லினக்ஸ் பொதுத்தர அடிப்படை என்னும் வரையறையின் முதற்பதிப்பு 2001இல் வெளிவந்தது. அது ஆர்.பி.எம். வடிவத்தைப் பொது வடிவமாக ஏற்றது. டெபியன் வழங்கலோ மாற்றும் கருவி ஒன்றின் துணையால் அவ்வடிவத்தைக் கையாண்டது. இத்தரம் 2006இல் பன்னாட்டுத் தரமாகவும் வெளியிடப்பட்டது. ஆயினும் அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 2015இல் டெபியன் திட்டத்தினர் அதனைப் பின்பற்றும் முயற்சியைக் கைவிட்டனர். ஒரே ஆர்.பி.எம். வடிவத்தைப் பயன்படுத்தும் இரு வழங்கல்களுக்குள்ளேயே பொதிகளின் பெயர்களும், நிரலகங்களின் பதிப்புகளும், விதிகளும் வேறுபட்டன. ஒன்றிற்காகக் கட்டிய பொதி மற்றொன்றில் பொருந்தவில்லை. சாக்கின் அளவு ஒன்றாக இருப்பதனால் மட்டும் கிடங்குகள் ஒன்றாகிவிடுவதில்லை என்பது முதற் பாடம்.

இரண்டாவது பாடம் சென்ட்ஓஎஸ் வழங்கலைப் பற்றியது. அதன் எட்டாம் பதிப்பிற்கு 2029 வரை ஆதரவு கிடைக்கும் என்று நிறுவனங்கள் நம்பியிருந்தன. 2021 இறுதியோடு ஆதரவு முடிவுறும் என 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஆர்.பி.எம். வடிவமும், களஞ்சிய அமைப்பும், மூல நிரலும் திறந்தவையாக இருந்தமையால், 2021இலேயே அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்னும் இரு மாற்று வழங்கல்கள் எழுந்தன. பயனீட்டாளர்கள் தம் மென்பொருளைப் புதிதாகப் பொதியாமலே அவற்றிற்கு மாறிக்கொள்ள வழி பிறந்தது. வழங்குபவர் விலகினாலும் வடிவம் திறந்திருந்தால் வெளியேறும் வழி அடைபடாது. பொருளியலில் மாறுதற் செலவு என்று கூறப்படுவது இங்குக் குறைவாக இருந்தது.

மூன்றாவது பாடம் நம்பிக்கை பற்றியது. 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழி ஒன்று புகுத்தப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதனைப் புகுத்தியவர், இரண்டாண்டுகளுக்கும் மேலாக உழைத்துப் பராமரிப்பாளர் என்ற தகுதியைப் பெற்றிருந்தவரே. எனவே கையொப்பம் முறையாகவே இருந்தது. பொதி எவரிடமிருந்து வந்தது என்பதைக் கையொப்பம் உறுதி செய்யும். உள்ளிருப்பது நல்லதா என்பதை அது கூறாது. காத்தது எது? டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் அப்பதிப்புகள் நுழைந்திருந்தன. நிலையான வெளியீட்டை அவை எட்டவில்லை. ஒரு பொதி பல கட்டங்களில் காத்திருந்து, பலர் பயன்படுத்திப் பார்த்த பின்னரே நிலையான கிளையை அடைய வேண்டும் என்ற நிர்வாக விதி அதற்கு முதன்மைக் காரணமாகும்.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பொதி வடிவத்தைத் தேர்வு செய்பவர், உண்மையில் அவ்வடிவத்தின் பின்னால் நிற்கும் நிறுவன ஒழுங்கையே தேர்வு செய்கிறார். குறை கண்டால் திருத்துபவர் யார், எத்தனை நாளில், எந்த விதியின்படி, யாருடைய செலவில் என்ற கேள்விகளுக்கான விடையே அத்தேர்வின் உட்பொருள்.

தேர்வுக்குரிய அளவுகோல்கள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில், அலுவலர்கள் பின்வரும் ஆறு அளவுகோல்களைக் கையாளலாம்.

1. பராமரிப்பு: பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடும் பொறுப்பை யார் ஏற்றுள்ளனர்? எத்தனை ஆண்டுகளுக்கு? பதில் எழுத்தில் உள்ளதா?

2. கணக்கெடுப்பு: ஒவ்வொரு கணினியிலும் எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு உள்ளது என்பதைத் தலைமையகத்திலிருந்தே அறிய இயலுமா?

3. களஞ்சிய உரிமை: துறை தனக்கெனக் களஞ்சியம் நடத்த இயலுமா? அல்லது வேறொருவருடைய கடையை மட்டுமே நம்பியிருக்க வேண்டுமா?

4. சரிபார்ப்பு: பொதியின் மூலத்தை உறுதிசெய்யும் முறை யாது? ஆர்.பி.எம். மரபில் ஒவ்வொரு பொதியும் கையொப்பமிடப்படுகிறது. டெபியனில் களஞ்சியத்தின் பட்டியலே கையொப்பமிடப்படுகிறது. பட்டியலிலுள்ள சரிபார்ப்பு எண்கள் வழியே ஒவ்வொரு பொதியும் சோதிக்கப்படுகிறது. இரண்டும் ஏற்கத்தக்கவை. ஆனால், டெபியன் முறையில் களஞ்சியத்திற்கு வெளியே கைமாறும் தனிப்பொதிக்கு அப்பாதுகாப்புக் கிட்டாது என்பதை அலுவலர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

5. அலைவரிசையும் இடமும்: புதுப்பிப்புகளின் அளவு எவ்வளவு? பழைய கணினிகளின் வட்டில் இடம் போதுமா? இணைய இணைப்பில்லாத இடத்திற்குக் கொண்டுசெல்ல வழி உண்டா?

6. வெளியேறும் வழி: வழங்குபவர் விலகினால் அதே பொதிகளோடு வேறிடம் செல்ல இயலுமா?

ஒரு பயிற்சிக் கணக்கு

ஐந்தாம் அளவுகோலை விளக்க ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு மாவட்டத்தில் 40 அலுவலகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 30 கணினிகள். ஆக மொத்தம் 1,200 கணினிகள் எனக் கொள்வோம். ஒரு கணினிக்கு மாதந்தோறும் 150 மெகாபைட் அளவுக்குத் திருத்தங்கள் வருகின்றன எனவும் கொள்வோம். ஒவ்வொரு கணினியும் தானே வெளியிலிருந்து இறக்கிக்கொண்டால் மாத அளவு 1,80,000 மெகாபைட், அதாவது 180 கிகாபைட் ஆகும். அலுவலகத்திற்கு ஒரு கணினி திருத்தங்களை ஒருமுறை மட்டும் இறக்கிச் சேமித்து, மற்றக் கணினிகளுக்கு உள்வலை வழியே வழங்கினால், வெளியிலிருந்து வருவது 40 மடங்கு 150, அதாவது 6 கிகாபைட் மட்டுமே. முப்பதில் ஒரு பங்காகச் செலவு குறைகிறது.

டெப், ஆர்.பி.எம். ஆகியவற்றின் களஞ்சியங்கள் சாதாரண இணையக் கோப்பகங்களே ஆதலால், இத்தகைய இடைக்கிடங்கை அமைப்பது எளிது. இணைப்பே இல்லாத பள்ளிக்குக் களஞ்சியத்தின் ஒரு பகுதியை வட்டில் பதிந்து அனுப்பி, அதிலிருந்தே நிறுவவும் இயலும். வேறு வடிவங்களுக்கும் இத்தகைய ஏற்பாடுகள் ஓரளவு உண்டு. எனினும் அவற்றை அமைக்கும் உழைப்பையும் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

பழுதுபார்க்கும் செலவிற்கும் இவ்வாறே கணக்கிடலாம். இருபது மென்பொருள்கள் ஒரே நிரலகத்தின் தனித்தனி நகல்களைக் கொண்டிருந்தால், ஒரு குறைக்கு இருபது திருத்தங்கள் தேவை. பகிர்ந்திருந்தால் திருத்தம் ஒன்று, சோதனை இருபது. சோதனையைத் தானியங்கி முறையில் நடத்த வசதியுள்ள பெரிய வழங்கலுக்குப் பகிர்வு மலிவானது. அவ்வசதியற்ற சிறு குழுவிற்குத் தனிநகல் எளிதாகத் தோன்றும். ஆனால் மிச்சமான செலவு மறைந்துவிடுவதில்லை. திருத்தம் வராத நாட்களில் பயனீட்டாளர் சுமக்கும் இடர்ப்பாடாக அது இடம் மாறுகிறது. பொருளியலார் இதனைப் புறச்செலவு என்பர்.

பரிந்துரைகள்

முதலாவதாக, இயங்குதளத்தின் அடித்தளத்திற்கு, தேர்ந்தெடுத்த வழங்கலின் தாய்மொழி போன்ற வடிவத்தையே கைக்கொள்ள வேண்டும். பாஸ் இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது; கேரளப் பள்ளிகளின் இயங்குதளம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது; உபுண்டுவும் டெபியன் வழிவந்ததே. இவற்றைப் பயன்படுத்துவோருக்கு டெப் வடிவமே இயல்பானது. ரெட் ஹேட் மரபைப் பின்பற்றும் சேவைக் கணினிகளுக்கு ஆர்.பி.எம். பொருந்தும். டெப் உயர்ந்ததா, ஆர்.பி.எம். உயர்ந்ததா என்ற வாதத்தில் காலத்தைச் செலவிடத் தேவையில்லை. அடித்தளத்தோடு பொருந்தாத வடிவத்தைத் திணிப்பதுதான் தவறு. புதியதொரு வடிவத்தைத் தாமே படைக்க எண்ணுவது அதனினும் பெரிய தவறு. மேலும் ஒரு பாதை அகலத்தை நாட்டில் புகுத்துவதற்கு அது ஒப்பாகும்.

இரண்டாவதாக, துறைக்கெனச் செய்விக்கப்படும் மென்பொருளை வழங்குபவர், அதே வடிவில், உரிய சார்பு விவரங்களுடன், மூல நிரலோடும் பொதி கட்டும் குறிப்புகளோடும் ஒப்படைக்க வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக்க வேண்டும். நிறுவும்போது இயக்கப்படும் கட்டளைகள் நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு இயங்குவதால், அவற்றைப் படித்துப் பார்த்த பின்னரே ஏற்க வேண்டும். ஏற்ற பொதிகள் துறையின் சொந்தக் களஞ்சியத்தில் இடம்பெற வேண்டும்.

மூன்றாவதாக, அடிக்கடி புதிய பதிப்பு தேவைப்படும் மேசைக் கணினி மென்பொருள்களுக்கு மட்டும் ஃபிளாட்பேக்கைப் பயன்படுத்தலாம். அனுமதிக்கப்பட்டவற்றின் பட்டியல் ஒன்றைத் துறை வெளியிட்டு, ஆண்டுதோறும் மறுஆய்வு செய்ய வேண்டும். ஸ்னாப்பை ஏற்பதானால், மையக் கடையின் மீதான சார்பையும் தானியங்கிப் புதுப்பிப்பையும் முன்கூட்டியே ஆராய்ந்து எழுத்தில் பதிவு செய்தல் நலம். ஆப்இமேஜ் சோதனைக்கும் தற்காலிகத் தேவைக்கும் ஏற்றது. நிலையான அலுவலகப் பணிக்கு ஏற்றதன்று.

நான்காவதாக, களஞ்சியத்தை நடத்த ஆட்கள் வேண்டும். கையொப்பத் திறவுகோலைக் கருவூலச் சாவியைப் போல் இருவர் பொறுப்பில் வைத்தல், திருத்தங்களை முதலில் சில கணினிகளில் சோதித்துப் பின் எல்லாவற்றிற்கும் அனுப்புதல், பதிவேட்டைக் காலந்தோறும் தணிக்கை செய்தல் ஆகியவை அவர்கள் கடமைகள். வன்பொருளுக்கு நிதி ஒதுக்கிவிட்டு இப்பணியிடங்களை நிரப்பாமல் விட்டால், எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் பயன் விளையாது.

முடிவுரை

மென்பொருளை வாங்கும் நாளில் எல்லா வடிவங்களும் ஒன்றுபோலவே தோற்றமளிக்கும். வேறுபாடு புலப்படுவது, குறை ஒன்று வெளியாகி, ஆயிரக்கணக்கான கணினிகளை ஓரிரு நாட்களில் திருத்த வேண்டிய நிலை ஏற்படும்போதுதான். அந்த நாளை மனத்தில் கொண்டு தேர்வு செய்யும் அலுவலர், மக்களின் நிலப்பதிவுகளையும் ஓய்வூதியக் கணக்குகளையும் மாணவர்களின் மதிப்பெண்களையும் காக்கும் பணியில் பங்கேற்கிறார். அரைநாள் கூட்டத்தில் முடிவாகும் பொருள் இது. ஆயினும் அதன் பயனையோ சுமையையோ அடுத்துவரும் அலுவலர்கள் பல ஆண்டுகள் ஏற்க நேரிடும்.

மாணவர்க்குரிய வினாக்கள்

1. பொதுக் குடிநீர்த் தொட்டி, தனிக்கிணறு ஆகிய இரு உவமைகளைக் கொண்டு, நிரலகப் பகிர்வின் ஆதாயத்தையும் செலவையும் விளக்குக.

2. லினக்ஸ் பொதுத்தர அடிப்படை எதிர்பார்த்த பயனைத் தராமைக்கும், சென்ட்ஓஎஸ் பயனீட்டாளர்களுக்கு மாற்றுவழி கிடைத்தமைக்கும் உள்ள காரணங்களை ஒப்பிடுக.

3. உங்கள் கல்லூரியிலோ அலுவலகத்திலோ உள்ள கணினிகளுக்கு மேற்கண்ட பயிற்சிக் கணக்கைச் செய்து, இடைக்கிடங்கு அமைப்பதால் மிச்சமாகும் அலைவரிசையைக் கணக்கிடுக.